பன்மொழித் தளங்களின் முகவரி அமைப்பு: எமது சங்கத்தின் நிலைப்பாடு

இராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை நீளும் இக்கரையோரத்தில் துறைமுகத் தொழிலாளரும், மீனவ ஜனங்களும், தலைமுறைகளாகத் தெலுங்கு பேசிவரும் குடும்பங்களும், வடக்கிலிருந்து ஆலை வேலைக்கு வந்தவர்களும் கலந்து வசிப்பதால், பொது அறிவிப்புகள் ஒரே பாஷையில் இருந்தால் போதாதென்பதில் எவருக்கும் ஆட்சேபம் இல்லை. ஆனால் அவற்றைப் பல பாஷைகளில் பெயர்த்து இணையத்தில் ஏற்றிய பின், எல்லாவற்றுக்கும் ஒரே முகவரியைக் கொடுத்துவிடும் வழக்கத்தை எமது சங்கம் ஏற்பதற்கில்லை.

அவ்வழக்கத்தில் நேர்வதைக் காசிமேட்டில் எந்த நாளும் காணலாம். பக்கத்தின் மேல்மூலையில் உள்ள 'தமிழ்' என்ற பொத்தானை அழுத்தினால் எழுத்து மாறுகிறது, முகவரி மாறுவதில்லை. தமிழில் தாம் படித்த புயல் எச்சரிக்கையை ஒருவர் வாட்ஸ்அப்பில் தம் தமக்கைக்கு அனுப்புகிறார். தேர்ந்த பாஷை அனுப்பியவரின் கைப்பேசியிலேயே குக்கியாகத் தங்கிவிடுவதால், அந்த அம்மாளுக்கு ஆங்கிலப் பக்கமே விரிகிறது. தேடுபொறிக்கும் அந்தத் தமிழ்ப் பிரசுரம் பெரும்பாலும் கண்ணில் படுவதில்லை. சென்னையிலிருந்து திறப்பவர் தமிழரே என்று யந்திரம் அனுமானிப்பது வேறொரு தொல்லை. மணலியில் வேலை செய்யும் பீகார்க்காரரைக் கேட்டால் தெரியும்.

2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை, பொதுக் கருத்துக் கேட்புக்கு முன் அறிக்கையின் சுருக்கம் ஆங்கிலத்தோடு உள்ளூர் மொழியிலும் கிடைக்கவேண்டும் என்று விதிக்கிறது. தமிழ்ச் சுருக்கத்துக்குத் தனி முகவரி இல்லாவிடில், ஆட்சேப மனு எழுதும் பிரஜை எதைச் சுட்டிக்காட்டுவார்?

ஆதலால் எமது அபிப்பிராயம் இது: தளத்தின் பெயர் ஒன்றாகவே இருக்க, அதையடுத்து ஐஎஸ்ஓ 639 தரத்தின் இரண்டெழுத்து மொழிக்குறியும், அதன்பின் எல்லா மொழிக்கும் பொதுவான ஆவண எண்ணும் வரவேண்டும், குறியை மட்டும் மாற்றினால் அதே ஆவணம் தெலுங்கிலோ இந்தியிலோ கிடைத்துவிடும். ஆங்கிலமும் தன் குறியோடுதான் வரவேண்டும். குறியற்ற முகப்பை அதற்கு மானியமாக விடுவது நியாயமன்று, முகப்பு மொழியைத் தேர்ந்தெடுக்கும் இடமாக இருக்கட்டும். தமிழ் விக்கிப்பீடியாவைப் போல மொழிதோறும் துணைக்களம் வைப்பது பெரிய ஸ்தாபனங்களுக்குச் சரி. மொழிக்கொரு தனிப்பெயர் வாங்கினாலோ, ஒரு வருஷம் புதுப்பிக்க மறந்த மாத்திரத்தில் ஒரு மொழியே மறைந்துபோகும்.

முகவரி முழுவதும் தமிழ் எழுத்திலேயே இருக்கலாகாதா என்று எம் அங்கத்தினர் பலர் கேட்டார்கள். '.இந்தியா' என்ற களம் 2011 முதல் இருக்கிறது. அதை ஒரு கூடுதல் வாசலாக வைத்துக்கொள்வதை வரவேற்கிறோம். ஆனால் யூனிகோடில் 'எண்ணூர்' என்ற பெயர் ஏழு குறியீடுகளாகி, ஒவ்வொன்றும் மூன்று பைட்டாகி, முகவரியை நகலெடுத்து ஒட்டும்போது பல செயலிகளில் சதவிகிதக் குறிகள் நிறைந்த 63 எழுத்துச் சரமாக நீண்டுவிடுகிறது. சுவரொட்டியில் அதை யார் அச்சிடுவார்? ரோமன் எழுத்தில் ஊர்ப்பெயரை இடுவதும் நிலையானதன்று: திருவொற்றியூரை மூன்று நான்கு விதமாக எழுதுகிறார்கள்; 2020 ஜூனில் 1018 ஊர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலை மாற்றிய அரசாணையோ அதே மாதத்தில் திரும்பப் பெறப்பட்டது. திருவொற்றியூர் நகராட்சியே 2011இல் மாநகராட்சியில் கலந்துவிட்டபடியால், அலுவலகத்தின் பெயரை முகவரியில் பதிப்பதும் விவேகமாகாது. எண்தான் நிலைக்கும், தமிழ்ச் சொற்களை விரும்புவோர் எண்ணின் பின்னே சேர்த்துக்கொள்ளலாம், அவை உதிர்ந்தாலும் பக்கம் திறக்கவேண்டும்.

நம் தெருக்களின் வாசற்பலகையில் பழைய எண்ணும் புதிய எண்ணும் சேர்ந்தே நிற்பதுபோல், தளத்தைச் சீரமைக்கும்போது பழைய முகவரிகள் புதியவற்றுக்கு நிரந்தரமாகத் திருப்பிவிடப்படவேண்டும். ஒரே ஆவணத்தின் மற்ற மொழி வடிவங்களைத் தேடுபொறிக்கு அறிவிக்கும் ஹெச்ரெஃப்லாங் குறிப்பும் ஒவ்வொரு பக்கத்திலும் அவசியம்.

மொழிபெயர்ப்பு முடியாத ஆவணமாயின், தமிழ் முகவரியில் அந்த விவரத்தையும், பெயர்ப்பு வெளியாகும் தேதியையும் தமிழிலேயே எழுதி, ஆங்கில மூலத்துக்கு இணைப்புத் தரவேண்டும். ஆங்கிலப் பக்கத்தையே தமிழ்க் குறியின் கீழ் வைத்துக் கணக்குக் காட்டுவதை எமது சங்கம் மொழிபெயர்ப்பாகக் கொள்ளாது.