தோழி எங்கே போனாள்?

சில ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு சிறுகதைத் திறனாய்வுக் கூட்டத்தில் பேசிய பெரியவர் ஒருவர், "நம் பெண்கள் எழுதும் கதைகளில் மாமியார், மருமகள், கண்ணீர் ஆகிய மூன்றையும் எடுத்துவிட்டால் எஞ்சுவது தலைப்பு மட்டுமே" என்றார். அவை சிரித்தது. முன்வரிசையில் அமர்ந்திருந்த நானும் சிரித்தேன். உலு திராமுக்குப் பேருந்தில் திரும்பும்போதுதான் அந்தச் சிரிப்பு எனக்கே உறுத்தியது. அன்று சிரித்த குற்றத்துக்குக் கழுவாயாகவே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

பெண்களின் துன்பத்தைப் பற்றிய நூல்கள் தமிழில் குறைவு என்று நான் சொல்ல வரவில்லை. அவை நிறையவே உண்டு. இரண்டு பெண்களுக்கிடையே நிலவும் நட்பைப் பற்றிய நூல்கள்தாம் குறைவு. இக்குறை தற்செயலானதன்று. நம் இதழாசிரியர்களும் பரிசு நடுவர்களும் திறனாய்வாளர்களும், ஏன், பெண் எழுத்தாளர்களாகிய நாமுங்கூட, கூடிச் செய்த குறை இது.

ஐயமுள்ளோர் ஒன்றை எண்ணிப் பார்க்கட்டும். நட்பைப் பற்றிய தமிழ் நாவல் எது என்று கேட்டால் நம்மில் பலர் தயங்காமல் மு. வரதராசனாரின் 'அகல் விளக்கு' என்போம். 1961இல் சாகித்திய அகாதெமிப் பரிசு பெற்ற நூல் அது. சந்திரன், வேலய்யன் என்னும் இரு நண்பர்களின் கதை. அந்நூலை நான் பலமுறை படித்து உருகியிருக்கிறேன். அதைப் போல இரு பெண்களின் நட்பை இளமை முதல் முதுமை வரை பின்தொடரும் நாவலொன்றை அதே விரைவில் சொல்லுங்கள் என்றால் நம் நா ஏன் தயங்குகிறது? பள்ளிக்கூடத்தில் நட்பைப் பற்றிக் கட்டுரை எழுதச் சொன்னால் கோப்பெருஞ்சோழனும் பிசிராந்தையாரும் வருவார்கள். கர்ணனும் துரியோதனனும் வருவார்கள். வள்ளுவர் நட்பு முதல் கூடா நட்பு வரை ஐந்து அதிகாரங்களை ஒதுக்கினார். அவற்றுள் எங்கும் நட்பு ஆண்களுக்கே உரியது என்று அவர் சொல்லவில்லை. நாமே அப்படிப் படித்துக்கொண்டோம்.

இதில் வியப்புக்குரிய செய்தி ஒன்றுண்டு. தமிழ் இலக்கியம் தோழியிடமிருந்து தொடங்கியது. சங்க அகப்பாடல்களில் தலைவிக்கு அடுத்து ஓயாது பேசுகின்றவள் தோழி. தலைவனைக் கடிந்துரைப்பவளும், தாய்க்குச் செய்தியை நயமாக உணர்த்துபவளும், குடும்பத்தின் முன் துணிந்து நின்று உண்மையைச் சொல்பவளும் அவளே. இதற்கு 'அறத்தொடு நிற்றல்' என்று இலக்கணம் பெயரிட்டது. நட்புக்காகப் பேசுவதையே அறம் என்று பெயரிட்ட மொழி நம்முடையது!

சிலப்பதிகாரத்தைக் கண்ணகியின் கற்புக்காகவே நாம் மேடைதோறும் போற்றுகிறோம். அதே காப்பியத்தில் மாதரி இருக்கிறாள். முன்பின் அறியாத கண்ணகிக்கு மதுரையில் அடைக்கலம் தந்த ஆயர்குல மூதாட்டி அவள். அந்த அடைக்கலத்தைக் காக்க இயலாமற் போயிற்றே என்று நெருப்பில் புகுந்து உயிர் துறந்தாள். கண்ணகியின் தோழி தேவந்தியும் காவற்பெண்டும் அடித்தோழியும் புகாரிலிருந்து புறப்பட்டு மதுரை சென்று, மாதரியின் மகள் ஐயையையும் உடனழைத்துக்கொண்டு, மலையேறிச் சேரநாடு வரை போனதையும் இளங்கோவடிகள் மறவாமல் பதிவு செய்தார். அரசன் இமயம் சென்று கல் கொணர்ந்த கதையை நாம் அறிவோம். இப்பெண்கள் நடந்த வழியைப் பற்றி யார் சொற்பொழிவாற்றக் கேட்டிருக்கிறோம்?

அந்தத் தோழி இக்காலக் கதைகளில் எங்கே போனாள்? அவள் எங்கும் போய்விடவில்லை. பெயரை மாற்றிக்கொண்டாள் என்பதே என் விடை. இதை நூல்களைப் படித்து நான் அறியவில்லை. என் தாயின் வாழ்க்கையைக் கண்டு அறிந்தேன்.

என் தாய் இவ்வட்டாரத்து ரப்பர்த் தோட்டமொன்றில் பால்மரம் சீவியவர். விடியுமுன் பெரட்டுக்கு நிற்பார். கைக்குழந்தையை ஆயாக்கொட்டகையில் விட்டுவிட்டு நிரைக்கு ஓடுவார். அடுத்த நிரை இன்னொரு பெண்ணுடையது. அவர் வேறு ஊர்க்காரர், வேறு சாதியார். எங்களுக்கு எவ்வகையிலும் உறவில்லை. என் தாய் அவரை 'மதினி' என்று அழைத்தார். நாங்கள் 'அத்தை' என்றோம். ஒரு முறை என் தாய் காய்ச்சலில் பல நாள் படுத்துவிட்டார். அத்தை தம் நிரையை முடித்துவிட்டு எங்கள் நிரையையும் சீவி, மங்குகளில் வடிந்த பாலைச் சேர்த்தெடுத்து, என் தாயின் பெயரிலேயே ஸ்டோரில் ஊற்றினார். தண்டல் பார்த்தும் பாராதவர் போல் இருந்துவிட்டார். கிராணியின் கணக்குப் புத்தகத்தில் பெயர் இரண்டு. உழைத்த கை ஒன்று. அந்த மாதம் எங்கள் வீட்டில் அடுப்பு எரிந்தது அதனால்தான்.

இதை நான் ஒரு சிறுகதையாக எழுதினேன். ஓர் இதழுக்கு அனுப்பினேன். "கதையில் சிக்கல் போதவில்லை; மாமியார் பாத்திரத்தை வலுப்படுத்தினால் வெளியிடலாம்" என்னும் குறிப்போடு அது திரும்பி வந்தது. என் கதையில் மாமியாரே இல்லை!

சிக்கல் போதவில்லையாம்! இந்நாட்டில் 1920களின் இறுதியில் தோட்டத் தொழிலாளருக்கு வகுக்கப்பட்ட நாட்கூலி ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. ஒரே மரம், ஒரே உளி, ஒரே மழை. பத்துக் காசு குறைவு. சப்பானியர் காலத்தில் 415 கிலோமீட்டர் நீளமுள்ள சயாம் ரயில்பாதைக்குத் தோட்டத்து ஆண்களை வாரிச் சென்றார்கள். அவர்களில் ஆயிரக்கணக்கானோர் திரும்பவேயில்லை. எஞ்சிய லயங்களில் கிழங்கை அவித்துப் பங்கிட்டுப் பிள்ளைகளைக் காத்தவர்கள் யார்? கணவன் இறந்தானா இருக்கிறானா என்றறியாத பெண்கள் ஒருவரையொருவர் தாங்கிக்கொண்டிராவிட்டால் நம்மில் எத்தனை குடும்பங்கள் இன்று இருக்கும்? மரண ரயிலைப் பற்றி நம் எழுத்தாளர்கள் நாவல்கள் தந்திருக்கிறார்கள். அவர்களுக்கு என் வணக்கம். ஆனால் ரயில் போன பின் வெறிச்சோடிய லயத்தின் கதை அதே அளவுக்கு எழுதப்பட்டதா?

1943இல் சிங்கப்பூரில் ஜான்சி ராணிப் படை தொடங்கப்பட்டபோது மலாயாத் தோட்டங்களிலிருந்தும் பெண்கள் சேர்ந்தார்கள். ஜானகி தேவர் போன்ற வசதியான வீட்டுப் பெண்ணும், எழுத்தறியாத பால்மரத் தொழிலாளியும் ஒரே முகாமில் ஒரே உணவை உண்டார்கள். 1945இல் ரங்கூனிலிருந்து பின்வாங்கிய நெடும்பயணத்தில் குண்டுவீச்சுக்கிடையே சேர்ந்து நடந்தார்கள். வர்க்கத்தையும் சாதியையும் கடந்த பெண் நட்புக்கு இதனினும் பெரிய களம் வேண்டுமா? இக்களத்தில் விளைந்த தமிழ்க் கதைகளை விரல்விட்டு எண்ணிப் பாருங்கள், விரல்கள் மிஞ்சும்.

இனி, எதிர்ப்பக்கத்தாரின் வாதங்களைப் பார்ப்போம்.

"பெண்ணுக்குப் பெண்ணே எதிரி, உள்ளதைத்தானே எழுதுகிறோம்" என்பது முதல் வாதம். பெண்களுக்கிடையே பகையே இல்லை என்று நான் வாதிடவில்லை. ஒரே அடுப்பையும் ஒரே வருவாயையும் இருவர் பங்கிட வேண்டிய இடத்தில் பகை முளைப்பது இயல்பே. ஆனால் அந்தப் பங்கீட்டை வகுத்தவர் யார் என்று கேளாமல், பங்குக்கு அடித்துக்கொள்ளும் இருவரை மட்டும் காட்டுவது உண்மையின் பாதியே. காலித் உசைனியின் 'ஆயிரம் அற்புதச் சூரியன்கள்' என்னும் ஆங்கில நாவல் (2007) காபூலில் ஒரே ஆணுக்கு மனைவியராக நேர்ந்த மரியம், லைலா என்னும் இருவரைப் பற்றியது. நம் தொலைக்காட்சித் தொடர் எழுதுவோரிடம் கொடுத்தால் சக்களத்திச் சண்டையில் ஆயிரம் நாள் ஓட்டியிருப்பார்கள். உசைனியும் பகையிலிருந்துதான் தொடங்குகிறார். ஆனால் அடி வாங்கும் இருவரும் ஒருவர் முகத்தில் மற்றவர் தம்மைக் காண்கிறார்கள். இறுதியில் மூத்தவள் இளையவளுக்காகத் தன் உயிரையே தருகிறாள். உள்ளதை எழுதுவது என்பது இது.

"குடும்பக் கதை இலக்கியமாகாது, சமுதாயப் போராட்டமே இலக்கியம்" என்பது இரண்டாம் வாதம். செனகல் நாட்டு ஆசிரியை மரியாமா பா 1979இல் வெளியிட்ட சிறு நாவலொன்று, கணவனை இழந்த ஒருத்தி தன் தோழிக்கு எழுதும் நீண்ட கடிதமாகவே அமைந்துள்ளது. கணவன் இரண்டாம் மனைவியாக இளம்பெண் ஒருத்தியை மணந்த துயரம், பிள்ளைகளை வளர்த்த பாடு, எல்லாம் வீட்டுச் செய்திகள். பேருந்துக்குக் காத்து நின்று தவித்தவளுக்குத் தோழி மகிழுந்து ஒன்றை வாங்கித் தருகிறாள் என்பதும் அதில் ஒரு நிகழ்ச்சி. அந்தக் 'குடும்பக் கதை'தான் 1980இல் ஆப்பிரிக்க எழுத்துக்கான நோமா விருதை முதன்முதலாகப் பெற்றது. விடுதலை பெற்ற நாட்டில் பெண் விடுதலை என்னவாயிற்று என்று உலகையே கேட்க வைத்தது. வீட்டுக்குள் சமுதாயம் இல்லை என்று நினைப்பவர் வீட்டையும் அறியாதவர்; சமுதாயத்தையும் அறியாதவர்.

தமிழிலும் வழி காட்டியோர் உண்டு. ராஜம் கிருஷ்ணன் தூத்துக்குடி உப்பளங்களுக்கே சென்று பார்த்து 'கரிப்பு மணிகள்' எழுதினார். இலங்கை மலையகத்தின் துயரைக் கோகிலம் சுப்பையா 'தூரத்துப் பச்சை'யில் தீட்டினார். பாமாவின் 'சங்கதி' (1994) ஒரு கதைத்தலைவியை நடுவே நிறுத்தாமல் ஒரு தெருப் பெண்கள் அனைவரையும் பேச வைத்தது. சல்மாவின் 'இரண்டாம் ஜாமங்களின் கதை' (2004) பெண்கள் தமக்குள் மட்டுமே பேசிக்கொள்ளும் பேச்சை வெளியே கேட்கச் செய்தது. இந்நூல்களைப் படிக்கும்போது எனக்கு ஆயாக்கொட்டகையின் வாசல் நினைவுக்கு வந்தது. நம் மண்ணிலும் ந. மகேஸ்வரி, பாவை, க. பாக்கியம், நிர்மலா ராகவன் என எழுதிய பெண்கள் பலர். அவர்களை எத்தனை ஆய்வரங்குகளில் தனித் தலைப்பாக வைத்துப் பேசினோம்? 'பெண் எழுத்தாளர்கள்' என்று ஒரே பத்தியில் அடைத்துவிட்டு நகர்வதே நம் வழக்கமாக இருந்து வருகிறது.

மூன்றாம் வாதம் நேர்மையானது. அதை நான் பாதி ஏற்கிறேன். "கண்ணீர்க் கதைகள் சலித்துவிட்டன" என்பது அது. ஆம், சலித்துவிட்டன. இதில் எம் தவறும் உண்டு. துன்பத்தையே பெண்ணின் அணிகலனாக்கி, பொறுத்துப் பொறுத்துச் செத்தவளைத் தெய்வமாக்கிக் கதையை முடித்தோம். அவளைத் தனியாளாகவே நிறுத்தினோம். தனித்து நிற்பவளுக்கு அழுவதன்றி வேறென்ன வழி? அருகில் ஒரு தோழியை நிறுத்திப் பாருங்கள். கதையில் உடனே பேச்சு பிறக்கும், கேலி பிறக்கும், சூழ்ச்சி பிறக்கும், துணிவு பிறக்கும். என் தாயும் அத்தையும் அழுததைவிடச் சிரித்ததே மிகுதி. துரையின் நடையை அத்தை நடித்துக் காட்டினால் லயமே குலுங்கும்.

இங்குதான் பெயர் மாற்றத்தின் சூது விளங்குகிறது. நம் பெண்கள் நண்பரைத் 'தோழி' என்று அழைப்பதில்லை. அக்கா என்பார்கள், மதினி என்பார்கள், சித்தி என்பார்கள். பெண் வெளியே போகவும் வரவும் உறவின் பெயர் ஒன்றுதான் உரிமைச்சீட்டாக இருந்தது. ஆகவே நட்பு உறவின் சேலையைப் போர்த்திக்கொண்டது. நம் திறனாய்வாளர் அந்தச் சேலையை மட்டும் கண்டு 'குடும்பக் கதை' என்று முத்திரை குத்திவிட்டார்.

இன்று உலு திராமைச் சுற்றிப் பல நிரைகள் போய், செம்பனையும் வீடமைப்புத் திட்டங்களும் வந்துவிட்டன. எங்கள் தோட்டம் கைமாறியபோது நாங்கள் ஒரு தாமானுக்கும், அத்தை வீட்டார் பாசிர் கூடாங் பக்கத்து அடுக்குமாடிக்கும் பிரிந்தோம். பிறகு இருவரும் கோயில் திருவிழாவில் ஆண்டுக்கொரு முறை கண்டுகொண்டார்கள். என் தாய் இறுதியில் படுக்கையில் கிடந்தபோது பிள்ளைகளாகிய எங்களைக் கேட்கவில்லை, "மதினி வந்துச்சா?" என்றே கேட்டார். அத்தைக்குச் செய்தி சேர்ந்து அவர் வந்தபோது நேரம் கடந்திருந்தது. அத்தையும் இப்போது இல்லை. அவர்கள் இருவரும் என்ன பேசிக்கொண்டு மரம் சீவினார்கள் என்பதை நான் ஒரு நாளும் கேட்டு எழுதி வைக்கவில்லை. மற்றவரைக் குறை கூறும் இக்கட்டுரையில் இந்தக் குறையையும் சேர்த்தே எழுதுகிறேன்.

இதழாசிரியர்களே, மாமியாரைக் கேட்டுக் கதையைத் திருப்பி அனுப்பாதீர்கள். நடுவர்களே, சிக்கல் என்பது சண்டை மட்டுமன்று என்பதை உணருங்கள். எழுதும் சகோதரிகளே, பெரட்டுக் களத்தையும் ஆயாக்கொட்டகையையும் கண்ட மூதாட்டிகள் இன்னும் சிலர் நம் தாமான்களில் திண்ணையோரம் அமர்ந்திருக்கிறார்கள். அவர்களிடம் போய், பட்ட துன்பத்தை மட்டும் கேட்காதீர்கள். "உங்களோடு நிரைக்கு வந்தவர் யார்?" என்று கேளுங்கள். விடை சொல்லும்போது அவர்கள் முகம் மாறுவதைக் காண்பீர்கள். நம் நாவல் அங்கே தொடங்குகிறது.