சொல்லை இழந்த ஒலி

கொச்சி முசிரிஸ் பினாலே 2012இல் தொடங்கியது முதல் மட்டாஞ்சேரியின் பழைய பண்டகசாலைகள் பல, காட்சிக்கூடங்களாகியுள்ளன. கூடவே ஒரு வடிவமைப்பு வழக்கமும் பரவியுள்ளது. ஊரின் குரல்களைப் பதிவுசெய்து, அவற்றை அலைக்கோடுகளாகவும் வண்ணப் புள்ளிகளாகவும் மாற்றி, அதற்கு 'நினைவு' என்று பெயரிடுவது. பேசியவர் யார், எம்மொழியில் பேசினார், என்ன சொன்னார் என்பவை பெரும்பாலும் சுவருக்கு வருவதில்லை. இது சோதனை முயற்சி என்று போற்றப்படுகிறது. உண்மையில் இது சொல்லை அகற்றும் வேலை.

அலைக்கோடு காட்டுவது காலப்போக்கில் காற்றழுத்தம் மாறும் அளவை மட்டுமே. ஒரே சொல்லை இருவர் ஒலித்தால் இரு வேறு கோடுகள் கிடைக்கும். ஒலிநிறமாலைப் படத்தில் உயிரொலிகளின் தன்மை புலப்படும். ஆனால் அதைப் பயிற்சி பெற்ற கண்ணே படிக்க முடியும். கொச்சிக் கோட்டைப் பகுதியின் தோபிகானாவில் துணி வெளுக்கும் தமிழரின் பேச்சும், மட்டாஞ்சேரிக் கொங்கணியரின் பேச்சும் ஒரேவகைக் கோடாகிவிட்டால் பார்வையாளர் எதை நினைவுகூர்வார்? பழமையான ஊர் ஒன்றைக் கண்ட மயக்கம் மட்டுமே அவருக்கு எஞ்சும்.

ஒலி மொழியைக் கடந்தது, சொற்களை எழுதிவைத்தால் கலை ஆவணமாகிவிடும் என்பது இதற்குச் சொல்லப்படும் மறுமொழி. ஒரு மொழியை அறியாதவருக்கு அதைக் கடப்பது எளிது. அம்மொழியில் தாலாட்டுக் கேட்டு வளர்ந்தவருக்கு எளிதன்று. தமிழ் இலக்கண மரபு ஒலிவடிவு, வரிவடிவு இரண்டையும் 'எழுத்து' என்னும் ஒரே சொல்லால் வழங்கியது. வரியை ஒலியின் பகையாக அது கருதவில்லை.

மட்டாஞ்சேரியே இதற்குச் சான்று தருகிறது. பரதேசி யூதப்பள்ளியில் பேணப்பட்டுவரும் செப்பேடு, சேர மன்னன் பாஸ்கர ரவி ஏறத்தாழ 1000ஆம் ஆண்டில் ஜோசப் ரப்பானுக்கு அளித்த 72 உரிமைகளைக் கூறுவது. வட்டெழுத்தில் பொறித்த அந்த உரிமைகளுள் வடுகப்பறையும் காகளமும் அடங்கும். எக்கருவியை முழக்கும் உரிமை எவருக்கு என்பதைச் செம்பு சொல்கிறது. முழங்கிய ஒலி மறைந்தும் அதன் உரிமையாளர் மறையவில்லை.

கொச்சி யூதப் பெண்கள் தம் பாடல்களை மலையாள எழுத்தில் குறிப்பேடுகளில் எழுதிவைத்தனர். எபிரேயச் சொற்களும் பழைய மலையாள வடிவங்களும் விரவிய பாடல்கள் அவை. 1950களில் பெரும்பாலோர் இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்தபோது அந்த ஏடுகளும் உடன் சென்றன. ஸ்காரியா சக்கரியா, ஓஃபிரா காம்லியேல் ஆகியோர் 2005இல் அப்பாடல்களைத் தொகுத்து வெளியிட முடிந்ததற்குக் காரணம், பாடிய பெண்கள் சொற்களை எழுதி வைத்திருந்ததே. கடவும்பாகம் யூதப்பள்ளியின் மர உள்ளமைப்பு இன்று ஜெருசலேமில் இஸ்ரேல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மட்டாஞ்சேரியில் நின்ற அதன் கட்டடத்தின் ஒரு பகுதி 2019இல் இடிந்து விழுந்தது. மரத்தைப் பெயர்த்துச் சென்று மீண்டும் நிறுவ முடிந்தது. அங்கு பாடப்பட்டவற்றுள் எழுதாமல் விட்டவற்றை எங்கிருந்து பெயர்த்து வருவது?

இவ்வாறு சொல்வது சோதனைக் கலையை மறுப்பதாகாது. 2018–19 பினாலேயில் ஷில்பா குப்தா, சிறைப்பட்ட 100 கவிஞர்களின் வரிகளைத் தாங்கிய தாள்களைக் கூர்முனைக் கம்பிகளில் குத்தி நிறுத்தினார். மேலே தொங்கிய 100 ஒலிவாங்கிகள் ஒலிபெருக்கிகளாகிப் பேசின. காதில் விழுந்த கவிதை கண்ணெதிரே தாளிலும் இருந்தது. வடிவம் புதியது, சொல்லும் கவிஞரும் காணாமற்போகவில்லை.

எனவே மட்டாஞ்சேரியின் குரலைச் சுவரேற்றும் ஒவ்வொரு படைப்பிடமும் நான்கைக் கேட்க வேண்டும்: மொழியின் பெயர், பேசியவர் விரும்பினால் அவர் பெயர், பேச்சின் முழு எழுத்துவடிவம், பதிவின் ஒரு படி அந்தத் தெருவிலேயே தங்குவதற்கான ஏற்பாடு. இவற்றைத் தரமுடியாத கோடு அழகாகவே இருக்கலாம்; அதை நினைவு என்று ஆய்வேடுகள் எழுத வேண்டியதில்லை.