வட்டு நிறைந்தால் துடைப்பத்தைத் தேடலாமா?

கணிப்பொறியில் "இடம் போதவில்லை" என்ற செய்தி வந்ததும் நம்மவர்களில் பலர் இரண்டில் ஒன்றைச் செய்கிறார்கள். பெட்டியைக் கடைக்குத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். அல்லது "ஒரே சொடுக்கில் சுத்தம்" என்று விளம்பரம் செய்யும் ஏதாவது ஒரு மென்பொருளை இறக்கிக்கொள்கிறார்கள். எனக்கு இரண்டிலும் உடன்பாடில்லை. எது இடத்தை அடைக்கிறது என்று காட்டும் மென்பொருள்தான் வேண்டும். எதை நீக்குவது என்பதை வீட்டார் தீர்மானிக்கட்டும்.

ஊரை விட்டு வந்து தில்லியில் குடியிருக்கும் நமக்கு இது சில்லறை விஷயமல்ல. காதுகுத்து, கல்யாணப் படங்கள், காலமான பெரியவர்களின் பேச்சு எல்லாம் இன்று அந்த வட்டுக்குள்தான் கிடக்கின்றன. மயூர் விகாரில் என் நண்பர் ஒருவரின் மடிக்கணினியை ஒரு கடையில் கேட்காமலேயே ஃபார்மட் செய்து, "இப்போது எவ்வளவு வேகம் பாருங்கள் சார்" என்று பெருமையோடு திருப்பிக் கொடுத்தார்கள். அவருடைய தாயார் பாடிய தாலாட்டு அதில் இருந்தது. வேறு பிரதி கிடையாது.

வட்டு நிரம்புவது பழைய வியாதிதான். 1990-இல் அமெரிக்காவின் மேரிலாந்து பல்கலைக்கழகத்தில் 14 பேர் பங்கிட்டுக்கொண்டிருந்த 80 எம்.பி. வட்டு நிரம்பிப்போயிற்று. (இன்றைய கல்யாண வீடியோவின் ஒரு மூலைக்குக்கூட அது காணாது!) யார் எவ்வளவு பிடித்திருக்கிறார்கள் என்று ஒரே பார்வையில் அறிய, பேராசிரியர் பென் ஷ்னைடர்மன் ஒரு வழி கண்டார். முழு வட்டும் ஒரு பெரிய செவ்வகம்; அதற்குள் ஒவ்வொரு கோப்பும் அதனதன் அளவுக்கேற்ற ஒரு கட்டம். மனை பிரித்த வரைபடம் போல இருக்கும்.

விண்டோஸ் வைத்திருப்பவர்களுக்கு அதே முறையில் காட்டும் 'விண்டிர்ஸ்டாட்' என் தேர்வு. இலவசம், மூல நிரலும் திறந்தே இருக்கிறது, தானாக எதையும் நீக்காது. 'விஸ்ட்ரீ' இன்னும் துரிதம். ஒவ்வொரு கோப்புறையாக நுழைந்து பார்க்காமல் வட்டின் கோப்பு அட்டவணையை நேரடியாகவே படித்துவிடுகிறது. வீட்டு உபயோகத்துக்கு இலவசம், அலுவலகத்துக்குக் கட்டணம் உண்டு. மேக்கில் 'கிராண்ட்பெர்ஸ்பெக்டிவ்', லினக்ஸில் 'பாவ்பாப்' இருக்கின்றன. விண்டோஸின் அமைப்புகளிலேயே ஸ்டோரேஜ் என்ற பகுதி உண்டு என்பீர்கள். அது வகை பிரித்து மேலோட்டமாகச் சொல்கிறது, அவ்வளவே.

எங்கள் வீட்டில் பார்த்தபோது மிகப் பெரிய கட்டம், எப்போதோ விற்றுவிட்ட கைபேசியின் காப்புப் பிரதி! ஒரே கிருகப்பிரவேச வீடியோ மூன்று இடங்களில் உட்கார்ந்திருந்தது. சுத்தம் செய்யும் மென்பொருளுக்கு இந்த விவரமெல்லாம் எப்படித் தெரியும்?

ஓர் எச்சரிக்கை. விண்டோஸ் கோப்புறைக்குள் 'வின்எஸ்எக்ஸ்எஸ்' என்று பூதாகரமாக ஒன்று தெரியும். ஒரே கோப்பு இரண்டு இடங்களில் கணக்காவதால் அது உள்ளதைவிடப் பெரிதாகத் தோன்றலாம். அதில் கை வைக்கவே வேண்டாம். மற்றவற்றிலும், நீக்குவதற்கு முன் தனி வட்டு ஒன்றில் பிரதி எடுத்துவிடுங்கள்.

நம் சங்கத்து இளைஞர்கள் ஒரு ஞாயிறு மாலை மடிக்கணினியோடு வந்து பெரியவர்களுக்கு இதைக் காட்டிக் கொடுத்தால் நன்றாக இருக்கும். நீக்கும் பொத்தானை மட்டும் பெரியவர்களே அழுத்தட்டும்.