ஆழியின் அடியிற் கட்டளை செல்லுமா?

தமிழாசிரியர் ஒருவர் கடற்படைக் கருவிகளைப் பற்றி இம்மலரில் எழுதப் புகுந்தமை கண்டு பழைய மாணவர் சிலர் நகைக்கக்கூடும். பௌதிகவியல் ஆசிரியர்க்குரிய பொருளை யாம் பறித்துக்கொண்டோம் எனக் குறை கூறுவாரும் இருப்பர். ஆயினும், ஆளில்லாக் கலங்களை நீரின் அடியில் ஒன்றோடொன்று பிணைத்து நாட்டின் காவலுக்கு நிறுத்தும் இக்கால முயற்சி, ஆராயுமிடத்து, சொல்லைப் பற்றிய ஒரு சங்கடத்திலேயே வந்து முட்டிநிற்கின்றது. சொல்லுவோனிடமிருந்து புறப்பட்ட சொல் கேட்போனைச் சென்றடையுமா? எவ்வளவு நேரத்தில் அடையும்? அடையாவிடிற் கேட்போன் என்ன செய்வான்? சொல் எமது தொழிலாதலின் இதனை எழுதத் துணிந்தோம்.

இக்கலங்களால் விளைந்த நன்மையை முதலிற் கூறிவிடுதல் முறை. 2003ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் ஈராக்கிலுள்ள உம் கசர்த் துறைமுகத்துக்கு உதவிப் பொருள்களைக் கொண்டுவந்த சேர் கலகாட் என்னும் பிரித்தானியக் கப்பல், வழியிற் கடற்கண்ணிகள் இருக்குமென்ற அச்சத்தால் உடனே உட்புக இயலாது தாமதித்தது. அவ்வழியை ஆராய்ந்தவற்றுள் றீமஸ் என்னும் ஆளில்லாக் கலமும் ஒன்று. அமெரிக்காவின் வூட்ஸ் ஹோல் சமுத்திரவியல் நிறுவனத்தில் உருவானது அது. நீளம் ஏறக்குறைய 1.6 மீற்றர், விட்டம் 19 சதமமீற்றர், நிறை 37 கிலோகிராம் அளவினது. இருவர் தூக்கிச் சிறு படகிலிருந்து நீரில் விட்டுவிடலாம். அது தன் இருமருங்கிலும் ஒலியை எறிந்து, மீண்டுவரும் எதிரொலியைக் கொண்டு கடலடியைப் படமாக எழுதிக்கொண்டு வரும். சுழியோடிகளும் பயிற்றப்பட்ட டொல்பின்களும் உடனுழைத்தமையை மறைத்தலாகாது. மார்ச்சு 28ஆம் நாள் கப்பல் துறையை அடைந்தது. கண்ணி வெடித்து ஒரு சுழியோடி மடிவதினும் ஓர் இயந்திரம் சிதைவது மேல் என்பதில் எவர்க்கும் ஐயமிராது.

கடற்கண்ணியின் கொடுமைக்கு எமது கரையும் புறம்பானதன்று. 1917ஆம் ஆண்டு பெப்புருவரி மாதத்தில், வணிகக் கப்பல் போல வேடம் பூண்டு திரிந்த வொல்ஃப் என்னுஞ் செருமானியக் கப்பல் கொழும்புக்கு வெளியே இட்டுச்சென்ற கண்ணிகளால் வூஸ்ரர்ஷயர், பேர்சியஸ் என்னும் இரு கப்பல்கள் அம்மாதத்திலேயே மூழ்கின. கண்ணிகளை இட்டவரோ அதற்குள் நெடுந்தூரம் சென்றுவிட்டனர். இட்டவன் மனம் மாறினும் கண்ணி மாறாது. அவன் கூவினும் அதற்குக் கேளாது. இவ்வொன்றை வாசகர் நினைவிற் கொள்வாராக. பின்னர் இதற்கு மீள்வோம்.

ஒரு கலம் ஒரு நாளில் துருவிக் காணும் பரப்பு சிறிது; கடலோ பெரிது. ஆகவே பல கலங்களை ஒரு வலையமைப்பாக இணைக்க எண்ணினர். கடலடியிற் கிடந்து செவிமடுக்கும் கருவிகள் சில. நீரில் உலவும் கலங்கள் சில. நீரின்மேல் மிதந்து, கீழிருந்து வருஞ் செய்தியை வாங்கி வானொலி வழியாகவோ செய்மதி வழியாகவோ கரைக்கு அனுப்புபவை சில. நீர்மூழ்கிக் கப்பலொன்றின் ஓசையை ஒரு செவி கேட்பின் மற்றவை யாவும் அறிந்து அதனைத் தொடரவேண்டும் என்பதே நோக்கம். நிலத்தில் இது இலகு. கடலினுள்ளோ வானொலி அலை சிறிது தூரத்திலேயே அடங்கிப்போம். செய்மதியின் துணைகொண்டு இடமறிதலும் இயலாது. எஞ்சியிருப்பது ஒலி ஒன்றே.

ஒலி கடல்நீரிற் செக்கனுக்கு ஏறக்குறைய 1,500 மீற்றர் செல்லும். மூன்று கிலோமீற்றருக்கு அப்பாலுள்ள கலத்தை அழைத்து விடைபெற நான்கு செக்கன் கழியும். அதே தூரத்தை வானொலி அலை வளியிற் கடக்க ஒரு செக்கனின் இலட்சத்தில் ஒரு பங்கு போதும். மேலும் ஒலி நீரில் நேராகச் செல்வதுமில்லை. நீரின் வெப்பநிலை மாறுந்தோறும் அது வளையும். 1937ஆம் ஆண்டு குவாந்தனாமோ விரிகுடாவுக்கு அப்பால் செம்ஸ் என்னும் அமெரிக்கக் கப்பலிற் பரிசோதனை செய்தோர், காலையில் நன்கு கேட்ட எதிரொலி பிற்பகலிற் கேளாது போவதைக் கண்டு காரணந் தேடினர். வெயிலிற் கடலின் மேற்படை சூடேற, ஒலி கீழ்நோக்கி வளைந்து, இலக்கைத் தொடாது போயிற்று என அறிந்தனர். அதற்குப் 'பிற்பகல் விளைவு' என்றே பெயர். பிற்பகற் பாடவேளையிற் செவி மந்தமாதல் எம் மாணாக்கர்க்கு மட்டும் உரியதன்று போலும்!

இதனோடு மொழிச் சிக்கலுஞ் சேர்ந்தது. ஒவ்வொரு நிறுவனமும் தன்தன் கருவிக்கு வேறு வேறான ஒலிமொழியை வகுத்தமையால், ஒன்று கூறியது மற்றொன்றுக்கு விளங்காதிருந்தது. இத்தாலியின் லா ஸ்பெசியா நகரிலுள்ள நேட்டோ ஆராய்ச்சி நிலையத்தார் இதற்கொரு பொதுமொழியை ஆக்கினர். அதற்கு ஜேனஸ் என்று பெயர். வாயில்களைக் காக்கும் இருமுகத் தெய்வமென உரோமர் வணங்கியதன் பெயர். 2017ஆம் ஆண்டு அது நேட்டோ நாடுகளின் பொதுநியமமாயிற்று. அறிமுகமில்லாத இரு கலங்கள் செக்கனுக்கு ஏறக்குறைய 11,500 அதிர்வுடைய ஒலியில் ஒன்றையொன்று விளித்துக்கொண்டு, பின்னர் இருவர்க்கும் இயைந்த வேறு மீடிறனுக்கு மாறலாம். அந்நியர் இருவர் முதலில் வணக்கங் கூறிப் பின் உரையாடத் தொடங்குதல் போன்றது இது. மொழியாசிரியர் மனத்துக்கு உவப்பளிக்கும் ஏற்பாடு.

ஆயின் அம்மொழியின் வறுமையையும் நோக்குக. அதன் அடிப்படைச் செய்தியொன்று 64 பிட் அளவினது; அதிலும் ஒரு பகுதி செய்தியின் வகையைக் குறித்தல் முதலிய வேலைகளுக்குச் செலவாகும். இன்று கணினிகளிற் பெருவழக்காயுள்ள குறியீட்டு முறையிலே தமிழ்க் குறியொவ்வொன்றும் 24 பிட் கொள்ளும். 'நில்' என்னுஞ் சொல்லுக்கு நகரம், இகரக் குறி, லகரம், புள்ளி என நான்கு குறி வேண்டும். 96 பிட் ஆகும். 'நில்' என்றுகூட அதில் அடங்காது! சுருக்கக் குறிகளைக் கொண்டு இக்குறையை நீக்குவர் என்பதை அறிவோம். நாம் காட்ட விரும்பியது வழி எத்துணைக் குறுகியது என்பதையே.

வழி குறுகினால் கலத்துக்குத் தற்சார்பு மிகுந்தே தீரும். கரையிலிருப்போர் அடிக்கடி பேச இயலாமையின், கலம் தானே நோக்கித் தானே துணியுமாறு அமைக்கின்றனர். வலையமைப்பு விரியவிரிய மனிதன் கை கலத்துக்கு அண்மையில் வருமென எண்ணுவோர் உளர். கடலினுள் நிகழ்வது பெரும்பாலும் அதற்கு மாறு.

இத்தற்சார்பு ஆயுதமில்லாக் கலத்தில் அழகாகவே இருக்கின்றது. சுழலியின்றித் தன் மிதப்பைக் கூட்டியுங் குறைத்தும் ஏறியிறங்கிச் செல்லும் மிதவைக் கலமொன்றை இரட்கேர்ஸ் பல்கலைக்கழகத்தார் 2009 ஏப்பிரலில் நியூ யேர்சிக் கரைக்கு அப்பால் நீரில் விட்டனர். 221 நாளில் அத்திலாந்திக்குச் சமுத்திரத்தைக் கடந்து அது திசெம்பரில் இசுப்பானியாக் கரையை அணுகியது. இடையிடையே மேலெழுந்து செய்மதி வழியாகச் செய்தி கூறியதன்றி, எஞ்சிய நேரமெல்லாம் அது தனியே சென்றது. வழி தவறியிருப்பினும் எவர்க்குந் தீங்கில்லை. எனினும் அத்தகைய கலங்களும் பூசலுக்குக் காரணமாதல் உண்டு. 2016 திசெம்பர் 15ஆம் நாள் பிலிப்பைன்சின் சூபிக் விரிகுடாவுக்கு அப்பால் அமெரிக்கக் கடற்படையின் மிதவைக் கலமொன்றைச் சீனக் கடற்படையினர் எடுத்துச்சென்று ஐந்து நாட்களின் பின் திருப்பிக் கொடுத்தனர். நீரின் உவர்ப்பையும் வெப்பத்தையும் அளந்தது என்றது அமெரிக்கா. அது உண்மையே ஆகலாம். ஆனால் ஒலி எங்கு வளையும், நீர்மூழ்கி எங்கு ஒளியும் என்பதைக் கூறுவனவும் அவ்வளவைகளே.

ஆயுதம் தாங்கியவற்றின் கதை வேறு. 1943ஆம் ஆண்டு செருமானியர் ஒலியைத் தொடர்ந்து சென்று தாக்கும் டோர்பீடோவைக் கடலிற் கொணர்ந்தபோது, அதனை எய்த நீர்மூழ்கி உடனே 60 மீற்றர் ஆழத்துக்கு அமிழவேண்டும், அல்லது முழு மௌனங் காக்கவேண்டும் என விதித்தனர். எய்தவன் இயந்திரத்தின் ஓசையும் அதற்கு ஓசையே. 1979இற் சேவைக்கு வந்து பின்னர் கைவிடப்பட்ட அமெரிக்காவின் கப்டர் என்னுங் கண்ணி, கடலின் ஆழத்தில் நங்கூரமிட்டிருந்து, நீர்மூழ்கியின் ஓசையைப் பகுத்தறிந்து, எவரையுங் கேளாமலே டோர்பீடோவை விடுவிக்கும். ஆதலின் தானே கொல்லத் துணியும் இயந்திரம் புதியதன்று. கண்ணி ஓரிடத்திற் கிடந்தது. இன்று வகுக்கப்படும் கலமோ நடக்கும். வேற்றுமை அதுவே, அவ்வேற்றுமை பெரிது.

இரசிய யப்பானிய யுத்தம் 1905இல் முடிந்த பின்னும், சங்கிலி அறுந்து மிதந்த கண்ணிகளாற் சீன மீனவரும் வணிகரும் நூற்றுக்கணக்கில் மாண்டனர். சீனப் பிரதிநிதிகள் இதனை 1907இல் ஹேக் நகர மகாநாட்டில் எடுத்துரைத்தனர். அவ்வாண்டு ஒத்தோபர் 18ஆம் நாள் ஒப்பமிடப்பெற்ற எட்டாவது உடன்படிக்கையின் முதலாம் உறுப்புரை கூறுவது இது: நங்கூரமில்லாக் கண்ணி, இட்டவனுடைய ஆட்சியினின்று நீங்கி ஒரு மணித்தியாலத்துக்குள் தீங்கற்றதாகிவிட வேண்டும், நங்கூரமிட்டது, கட்டறுந்தவுடன் தீங்கற்றதாதல் வேண்டும், டோர்பீடோ, இலக்குத் தவறியவுடன் தீங்கற்றதாதல் வேண்டும். இருபெரும் யுத்தங்களிலும் இவ்வுடன்படிக்கை நன்கு பேணப்பட்டது எனக் கூறுவதற்கில்லை. ஆயினும் அதன் கருத்து மிக நுண்ணியது. கட்டளை எட்டாத நேரத்தில் ஆயுதம் எவ்வாறு நடக்கவேண்டும் என்பதை அது நூறாண்டுக்கு முன்னரே வகுத்தது. அது நம்பியது செய்தியை அன்று. ஆயுதத்தினுள்ளே ஓடும் கடிகாரத்தை. கடிகாரத்துக்கு ஒலியும் வேண்டா, செய்மதியும் வேண்டா.

எமது துணிபும் அதுவே. கண்ணி தேடும் கலமும் நீரை அளக்குங் கலமும் எத்துணைத் தூரமேனும் தனியே உலவுக. படைக்கலம் தாங்கியது, தன்னை ஏவியவரோடு தொடர்பு அற்ற கணத்திலிருந்து எண்ணத் தொடங்கி, குறித்த நேரம் முடிந்ததுந் தன் ஆயுதத்தை மீளாதவாறு அடக்கிக்கொள்ளவேண்டும். ஆயுதங்கள் தாமே துணிதல் பற்றி 2017 முதல் ஜெனீவாவில் ஆராய்ந்துவந்த அரசாங்க நிபுணர் முன் இப்பழைய உறுப்புரை கடலைப் பொறுத்தவரையேனும் மீண்டும் வைக்கப்படல் தகும்.

இதற்கு வலிய மறுப்பொன்றுண்டு. கடலடியிற் தொடர்பு அறுதலே இயல்பு; அறுந்தவுடன் அடங்கும் ஆயுதத்தால் யாது பயன்? பகைவன் சிறிது இரைச்சல் எழுப்பினாலே காவல் முழுதும் உறங்கிவிடுமே என்பர் கடற்படையினர். மறுப்பதற்கில்லை. எமது விதியை ஏற்கும் நாடு சில இடங்களிற் காவல் இழக்கும். எனினும் அவ்விழப்பு அளவிடத்தக்கது. அறுந்த கண்ணியைப் போலத் தன்னுடைமையாளரும் அறியா இடத்தில் நடமாடும் ஆயுதத்தால் வருமிழப்பு அளவிடற்கரியது. அதனை முதலிற் சந்திப்பவன் பெரும்பாலும் வலையிழுக்கும் மீனவனே. 2020 திசெம்பரில் இந்தோனேசியாவின் செலாயார் தீவுக்கருகே மீனவரொருவர் கடலிற் கண்டெடுத்தது மிதவைக் கலமொன்று. அதில் வெடி இருந்திலது.

எமது பழைய மாணவருட் பொறியியலாளராய்ப் பிறநாடுகளிற் பணிபுரிவோர் பலர். இத்தகைய கலங்களின் நிரல்களை எழுதும் மேசைகளில் அவருட் சிலர் அமர்தலும் கூடும். இன்று மேல்வகுப்பிற் பௌதிகம் பயில்வோர் நாளை அமர்வர். எத்தனை நிமிடத்தில் ஆயுதம் அடங்கவேண்டும் என்னும் எண், தளபதியின் வாயிலிருந்து வருமுன் அம்மேசையிலேயே பெரும்பாலும் முடிவாகின்றது. 1907இன் ஒரு மணித்தியாலம் மிதக்குங் கண்ணிக்கு வகுத்தது. தானே செல்லுங் கலம் ஒரு மணித்தியாலத்திற் பல கிலோமீற்றர் கடந்துவிடும் ஆதலின், பத்து நிமிடமே மிகையென எமக்குத் தோன்றுகின்றது. ஒலியின் வேகத்தையும் மின்கலத்தின் ஆற்றலையும் எம்மினும் நன்கறிந்தோர் இவ்வெண்ணைத் தவறெனக் கருதின், தக்க கணக்கோடு அடுத்த மலருக்கு எழுதி எம்மைத் திருத்துவாராக.