பச்சையா மின்னினா மருந்து ரெடியா?

இந்த வார எபிசோடில் ரிப்போர்ட்டர் ஜீன் பற்றிப் பேசினோம் இல்லையா? நேரம் போதாமல் விட்டுப்போன என் புலம்பல் இது.

மழை பெய்ததும் வரும் மண்வாசனைக்குக் காரணமான ஸ்ட்ரெப்டோமைசிஸ் பாக்டீரியாக்களிலிருந்துதான் ஸ்ட்ரெப்டோமைசின், டெட்ராசைக்ளின் எல்லாம் வந்தன. அந்தக் குடும்பத்தில் அதிகம் ஆராயப்பட்டது சீலிகலர். 2002-ல் அதன் முழு ஜீனோமைப் படித்தபோது, இப்படிப்பட்ட ரசாயனங்களைத் தயாரிக்கும் ஜீன் தொகுப்புகள் 20-க்கும் மேல் இருப்பது தெரிந்தது. ஆனால் அவற்றில் பல, லேபில் வாயே திறப்பதில்லை.

ஒரு ஜீனை ஆன் செய்யும் ஸ்விட்ச்தான் ப்ரோமோட்டர். அதை, ஜெல்லிமீனிலிருந்து எடுத்த ஜிஎஃப்பி ஜீனுக்கு முன்னால் ஒட்டிவிட்டால், ஸ்விட்ச் ஆன் ஆகும்போது பாக்டீரியா பச்சையாக ஒளிரும். தூங்கும் தொகுப்பை எழுப்ப இது அருமையான வழி. ஆயிரக்கணக்கான மியூட்டன்ட்களில் எது மின்னுகிறதோ, அதை மட்டும் பொறுக்கினால் போதும்.

படிக்கும் காலத்தில் நானும் இதைச் செய்தேன். மைக்ரோஸ்கோப்பில் பச்சை தெரிந்ததும் குதிச்சேன். லேப் மீட்டிங்கில் படத்தைப் பெருமையாகக் காட்டினேன். ரிப்போர்ட்டர் போடாத பாக்டீரியாவைப் பார்த்தாயா என்று சீனியர் ஒருவர் கேட்டார். பார்க்கலை. போய்ப் பார்த்தால், அதுவும் மின்னுது! ஸ்ட்ரெப்டோமைசிஸுக்கு இயல்பாகவே கொஞ்சம் ஒளிரும் குணம் உண்டு. இரண்டு மாத வேலை அம்பேல்.

இன்னொரு சிக்கலும் இருக்கு. ஜிஎஃப்பி எளிதில் சிதையாத புரதம். ஸ்விட்ச் அணைந்த பிறகும் பச்சை அப்படியே நிற்கும். நேரத்துக்கு நேரம் என்ன நடக்கிறது என்று பார்க்க, ஒளிரும் பாக்டீரியாக்களின் லக்ஸ் ஜீன்கள்தான் தோதானவை.

எல்லாவற்றுக்கும் மேல், ப்ரோமோட்டர் ஆன் ஆனால் மருந்து உருவாகிவிட்டது என்று அர்த்தமில்லை. அதன் பிறகு என்சைம்கள் வேலை செய்யணும், மூலப்பொருள் இருக்கணும். கடைசியில் கிடைக்கும் பொருள் நோய்க்கிருமியைக் கொல்லணும்.

மருந்துக்கு அடங்காத பாக்டீரியாக்களால் 2019-ல் மட்டும் சுமார் 12.7 லட்சம் பேர் இறந்திருக்கிறார்கள். அதனால்தான் அழகான பச்சைப் படத்தோடு வரும் "புது ஆன்டிபயாட்டிக்" செய்திகள் எனக்குக் கடுப்பேத்துது. இனி எங்கள் ஷோவுக்கு யார் அப்படிப் படம் கொண்டுவந்தாலும் இரண்டு கேள்வி கேட்கப்போகிறேன்: கன்ட்ரோல் எங்கே? கிருமி செத்ததா?

நான் கேட்க மறந்தால், நீங்க மெயில் போட்டுத் திட்டுங்க. அடுத்த வாரம் சந்திப்போம்!