கைதானவர்களின் ரத்த மாதிரியும் ‘பிறவிக் குற்றவாளி’க் கோட்பாடும்: சங்கத்தின் நிலைப்பாடு

திருட்டுச் சந்தேகத்தில் அழைத்துப் போகப்பட்ட பையனிடம் காவல் நிலையத்தில் கைரேகையோடு ரத்தமும் எச்சிலும் கேட்டால் கொடுக்கச் சொல்வதா, மறுக்கச் சொல்வதா என்று கிளைகள் கேட்டுக்கொண்டே இருக்கின்றன. சிறைகளில் சாதிப் பாகுபாடு கூடாது என்று 2024 அக்டோபர் 3 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டதே, இனி என்ன பயம் என்று கேட்பவர்களும் நம்மிடையே இருக்கிறார்கள். வழக்கறிஞர் உறுப்பினர்கள் சிலர் வேறொரு கேள்வியை எழுப்புகிறார்கள்: மரபணுச் சோதனையைக் காட்டித் தண்டனையைக் குறைக்க முடியுமென்றால் நாம் ஏன் அதை விலக்க வேண்டும்? செயற்குழு சில பகுதிகளை ஒருமனதாகவும், சில பகுதிகளைப் பெரும்பான்மையாகவும் ஏற்று இந்த அறிக்கையை வெளியிடுகிறது.

ஒருவர் ஒரு குற்றத்தைச் செய்தாரா என்று நிரூபிக்க அறிவியலைப் பயன்படுத்துவதை, நீதிமன்றக் கண்காணிப்புக்கு உட்பட்டு, சங்கம் கொள்கை அளவில் எதிர்க்கவில்லை. சம்பவ இடத்தில் கிடைத்த ரத்தக் கறையின் டி.என்.ஏ. நிரபராதியை விடுவிக்கவும் செய்யும். ஆனால் ஒருவர் குற்றம் செய்யவே பிறந்தவரா என்று பார்க்க அதே ரத்தத்தைச் சோதிப்பதை எந்த நிபந்தனையின் பேரிலும் ஏற்க மாட்டோம். இதில் செயற்குழுவுக்குள் இரண்டு கருத்து இல்லை.

உயிரியல் என்றாலே வேண்டாம் என்று நாம் சொல்வதாக யாரும் திரிக்க வேண்டாம். மருத்துவ உறுப்பினர்கள் வற்புறுத்தியதால் இதைத் தனியே பதிகிறோம். தலைக்காயம், குழந்தைப் பருவத்தில் உடலில் சேரும் ஈயம், சிகிச்சை கிடைக்காத மனநோய் ஆகியவை மனிதரின் நடத்தையைப் பாதிக்கின்றன. அதற்குத் தேவை மருத்துவம். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சிறைவாசிகளுக்கும் அந்தச் சிகிச்சையை உறுதி செய்கிறது; அதை நடைமுறைப்படுத்தினாலே பாதி வேலை முடியும்.

குற்ற மரபணு என்று இதுவரை சொல்லப்பட்டவற்றின் கதை நம் உறுப்பினர்களுக்குத் தெரிந்ததுதான். 1876-இல் இத்தாலியின் லொம்ப்ரோசோ மண்டையோட்டில் குற்றவாளியைத் தேடினார். 1965-இல் ஸ்காட்லாந்தின் கார்ஸ்டேர்ஸ் மருத்துவமனையில் அடைக்கப்பட்டிருந்தவர்களிடையே கூடுதல் ஒய் குரோமோசோம் கொண்டவர்கள் வழக்கத்தைவிட அதிகம் என்று தெரியவந்ததும், அதையே கொலைகாரக் குரோமோசோம் என்று பத்திரிகைகள் எழுதின. சிகாகோவில் 8 பெண்களைக் கொன்றவருக்கு அது இருப்பதாகச் செய்தி பரவியது. அவருக்கு அது இல்லவே இல்லை. 1976-இல் டென்மார்க்கில் நடந்த விரிவான ஆய்வு, கூடுதல் ஒய் கொண்டவர்கள் வன்முறையாளர்கள் என்ற பேச்சுக்கு ஆதாரம் இல்லை என்று சொன்னது. அதற்குள் பாஸ்டன் மருத்துவமனை ஒன்றில் பிறந்த குழந்தைகளுக்கே இந்தக் குரோமோசோம் சோதனையைச் செய்துவந்தார்கள். எதிர்ப்பு வலுத்ததால் 1975-இல் அது நின்றது. 1993-இல் ஒரே ஒரு டச்சுக் குடும்பத்தில் கண்டறியப்பட்ட மிக அரிதான எம்.ஏ.ஓ.ஏ. மரபணுக் கோளாறு, 2006-க்குள் ‘போர்வீரர் மரபணு’ என்ற பெயரோடு நியூசிலாந்தின் மவோரி மக்கள் அனைவர்மீதும் ஒட்டப்பட்டது. ஒரு குடும்பத்தில் தொடங்கிய ஆய்வு ஓர் இனத்தின்மேல் முத்திரையாக விழப் பதின்மூன்று ஆண்டுகள் போதுமானதாக இருந்தன.

இவையெல்லாம் அயலூர்க் கதைகள். நம் கோபத்துக்குக் காரணம் நம் ஊரில் இருக்கிறது.

1871-ஆம் ஆண்டுக் குற்றப் பரம்பரைச் சட்டத்துக்கு அன்று சொல்லப்பட்ட நியாயம், இந்த நாட்டில் தொழில் சாதிவழி வருகிறது, ஆகவே திருட்டும் சாதிவழி வரும் என்பதுதான். 1897 திருத்தம், 4 வயது முதல் 18 வயது வரையிலான ஆண் பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்துச் சீர்திருத்தக் குடியிருப்பில் வைக்க வழி செய்தது. நான்கு வயதுப் பிள்ளை என்ன திருடியிருக்கும்? எதையும் திருடியிருக்க வேண்டியதில்லை. அந்த வயிற்றில் பிறந்ததே போதும் என்றது சட்டம். 1911-இல் அது சென்னை மாகாணத்துக்கும் வந்தது. குறவர்களும் பிறமலைக் கள்ளர்களும் மற்றச் சமூகத்தாரும் ஊரோடு பதியப்பட்டார்கள். அவர்களிடம் ரேகை எடுத்தார்கள். ராத்திரிச் சீட்டு இல்லாமல் வெளியூரில் தங்க முடியவில்லை. சென்னை அருங்காட்சியகக் கண்காணிப்பாளர் எட்கர் தர்ஸ்டன் சாதிவாரியாக மூக்கையும் மண்டையையும் அளந்தார். அந்த அளவெடுப்பு போலீசுக்கும் கற்றுத்தரப்பட்டது. அளவுகோலைக் கையில் பிடித்தவர்கள் அன்றும் அதை அறிவியல் என்றுதான் சொன்னார்கள்.

1920 ஏப்ரல் 3 அன்று பெருங்காமநல்லூரில் ரேகை வைக்க மறுத்த மக்கள்மீது போலீஸ் சுட்டது. மாயக்காள் உட்பட 16 பேர் செத்தார்கள். கைதிகளை அடையாளம் காணும் சட்டம் வந்ததும் அதே 1920-இல்தான். அந்தச் சட்டத்தை நீக்கிவிட்டு அதைவிடப் பலமடங்கு விரிவாகக் கொண்டுவரப்பட்டதுதான் 2022-ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறை அடையாளச் சட்டம்.

குற்றப் பரம்பரைச் சட்டம் சென்னை மாகாணத்தில் 1947-இல் ஒழிந்தது, நாடு முழுவதும் 1952-இல். ஆனால் 1948-லேயே இங்கு வழக்கமான குற்றவாளிகளுக்கான சட்டம் வந்து உட்கார்ந்துகொண்டது. பதிவேடு மேசையை விட்டு இறங்கவே இல்லை. மேற்கு வங்கச் சிறை விதி ஒன்று, தப்பி ஓடும் இயல்பு பலமாக உள்ள வகுப்பினர், அதாவது நாடோடிச் சமூகத்தார், இரவுக் காவல் பணிக்கு ஆகாது என்றது. எழுதி வைத்தவர்கள் ‘இயல்பு’ என்றே எழுதினார்கள். அப்படிப்பட்ட விதிகளைத்தான் 2024 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அடித்துப் போட்டது. சிறைப் பதிவேட்டில் சாதிப் பத்தியை நீக்கச் சொன்னது. குற்றப் பரம்பரைப் பட்டியலிலிருந்து விடுவிக்கப்பட்ட சீர்மரபினரைத் தன்னிச்சையாகக் கைது செய்யாதீர்கள் என்று போலீசுக்கும் சொன்னது. தீர்ப்பை முழு மனதோடு வரவேற்கிறோம். ஆனால் குடியரசாகி 74 ஆண்டுகள் கழித்தும் இதைச் சொல்ல ஒரு நீதிமன்றம் தேவைப்பட்டது என்பதை வரவேற்க எங்களால் முடியவில்லை.

இந்த இடத்தில்தான் 2022 சட்டத்தைப் படிக்க வேண்டும். கைரேகை, கால்தடம், கருவிழிப் பதிவு ஆகியவற்றோடு உயிரியல் மாதிரிகளையும் ‘அவற்றின் பகுப்பாய்வையும்’ எடுக்கலாம் என்கிறது. நடத்தைக் கூறுகள் என்ற ஒரு சொல்லும் இருக்கிறது. கையொப்பமும் கையெழுத்தும் அதில் அடங்கும் என்று சொல்லியிருக்கிறார்களே தவிர, வேறு எதுவும் அடங்காது என்று சொல்லவில்லை. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தில் 75 ஆண்டுகள் வைத்திருக்கலாம். யாரிடம் எடுக்கலாம்? தண்டனை பெற்றவர், கைதானவர், தடுப்புக் காவலில் வைக்கப்பட்டவர், நன்னடத்தைப் பிணை கொடுக்க ஆணையிடப்பட்டவர். கடைசி இரண்டையும் கவனியுங்கள். குண்டர் சட்டமும், 110 கேஸ் என்று நாம் சொல்வதும் (இன்று அது, குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த புதிய சட்டத்தில் 129-ஆவது பிரிவு) எந்தத் தெருக்களில் போடப்படுகின்றன என்று உறுப்பினர்களுக்கு நாங்கள் சொல்லத் தேவையில்லை. குறவர் குடியிருப்புக்கும் இருளர் குடிசைக்கும் ஒரு திருட்டு நடந்த மறுநாள் யார் போகிறார்கள் என்பதும் தெரியும்.

எங்கள் முதன்மையான வாதம் இதுதான். அந்தக் களஞ்சியத்தில் சேரப்போவது குற்றம் செய்தவர்களின் ரத்தம் அல்ல, போலீஸ் பிடித்தவர்களின் ரத்தம். இந்தியச் சிறைகளில் இருப்பவர்களில் நான்கில் மூன்று பேர் விசாரணைக் கைதிகள். நாளை யாராவது அந்த மாதிரிகளை எடுத்துவைத்துக்கொண்டு, குற்றவாளிகளிடம் பொதுவாகக் காணப்படும் மரபணு எது என்று தேடினால், ஏதோ ஒன்று கிடைக்கத்தான் செய்யும். ஒரே வட்டாரத்தில், ஒரே உறவுமுறைக்குள் கல்யாணம் செய்துகொண்டு வாழும் சமூகங்களிலிருந்து மட்டும் மாதிரி எடுத்தால் வேறென்ன கிடைக்கும்? கிடைப்பது அந்தச் சமூகத்தின் வம்ச அடையாளம். அதைக் குற்றத்தின் அடையாளம் என்று அச்சடிப்பார்கள். அச்சடித்ததைக் காட்டி மறுபடி அதே தெருவுக்கு ஜீப் வரும். 1911-இல் பதிவேட்டை வைத்துச் செய்ததை இனி சோதனைக்கூட அறிக்கையை வைத்துச் செய்யலாம். இப்படி நடக்கப்போகிறது என்று நாங்கள் குற்றம் சாட்டவில்லை. இதைத் தடுக்கும் ஒரு வரிகூடச் சட்டத்தில் இல்லை என்கிறோம்.

எந்தக் குற்றத்துக்கு உயிரியல் காரணம் தேடப்படுகிறது என்பதையும் பாருங்கள். அமெரிக்காவின் இண்டியானா மாநிலம் 1907-இலேயே குற்றவாளிகளுக்குக் கட்டாய மலடாக்கல் சட்டம் இயற்றியது. ஓக்லஹோமா 1935-இல் இயற்றியதன்படி, கோழி திருட்டும் வழிப்பறியும் செய்து மூன்று முறை தண்டனை பெற்றவரை மலடாக்க ஆணையிட்டார்கள். அதே சட்டம் பணக் கையாடல் செய்தவர்களுக்கு விலக்கு அளித்தது. 1942-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டத்தை ரத்து செய்ய இந்தப் பாரபட்சமே காரணமானது. கோழி திருடியவனின் வித்தில் குற்றம் இருக்கிறதாம், கணக்கைத் திருத்தியவனின் வித்தில் இல்லையாம். வங்கியைச் சுருட்டிவிட்டு விமானம் ஏறியவர்களின் எச்சிலை இன்றுவரை எந்த ஆய்வுக்கூடமும் கேட்கவில்லை. ஆணவக் கொலை செய்த தகப்பன்களின் மரபணுவை யாரும் தேடவில்லை. தேட வேண்டும் என்றும் நாங்கள் சொல்லவில்லை.

தண்டனைக் குறைப்புப் பற்றி. 2009-இல் இத்தாலியின் ட்ரியஸ்டே மேல்முறையீட்டு நீதிமன்றம் மரபணு அறிக்கையையும் கணக்கில் கொண்டு ஒரு கொலையாளியின் தண்டனையில் ஓராண்டைக் குறைத்தது. இதை முன்னுதாரணமாகக் கொள்ளலாம் என்ற கருத்தைச் செயற்குழு பெரும்பான்மையாக நிராகரிக்கிறது. இன்று இரக்கத்துக்குக் காரணமாகும் அதே தாள், நாளை பரோலையும் முன்விடுதலையையும் மறுப்பதற்குக் காரணமாகும். அவருடைய தம்பிக்கும் மகனுக்கும் எதிராகவும் திரும்பும். ஆயினும் மரண தண்டனை வழக்குகளில், 2022-இல் மனோஜ் வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்தபடி, கைதியின் மனநிலை, வளர்ப்பு, வாழ்க்கைச் சூழல் பற்றிய முழு அறிக்கையைக் கோருவதை ஆதரிக்கிறோம். அதில் மருத்துவக் காரணங்களை எந்த அளவுக்கு எடுத்துரைப்பது என்பதை வழக்கறிஞரின் முடிவுக்கு விடுகிறோம். இந்த வாக்கியம் எல்லோருக்கும் நிறைவளிக்கவில்லை என்பது தெரிந்தே பதிகிறோம்.

மூளை வரைபடச் சோதனை, நார்கோ சோதனை: சம்மதமின்றிச் செய்யக் கூடாது என்று 2010-இல் செல்வி வழக்கில் தீர்ந்த விஷயம். நம் நிலை மாறவில்லை.

அரசிடம் நாம் கேட்பவை: வழக்கமான குற்றவாளிகள் சட்டத்தைத் திருத்தாதீர்கள், ஒழியுங்கள். 2022 சட்டத்திலிருந்து உயிரியல் பகுப்பாய்வையும் நடத்தைக் கூறுகளையும் நீக்குங்கள். அதுவரை தடுப்புக் காவலிலும் நன்னடத்தைப் பிணையிலும் உள்ளவர்களிடம் மாதிரி எடுப்பதை மாநில அரசு நிறுத்தி வைக்கட்டும், அதற்குத் தடையேதும் இல்லை என்றே கருதுகிறோம். சேர்ந்த மாதிரிகளை ஆராய்ச்சிக்குத் தருவதைக் குற்றமாக்குங்கள். விடுதலையானவரின் பதிவை அவர் மனுப் போடாமலே அழியுங்கள். சிறைவாசியின் சம்மதத்தை ஆய்வுக்கான சம்மதமாக ஆய்வு நிறுவனங்கள் கொள்ளக் கூடாது. பூட்டிய அறைக்குள் வாங்கும் கையொப்பம் சம்மதம் ஆகாது.

கிளைகளுக்கு: பெண்கள், குழந்தைகளுக்கு எதிரான குற்றமாகவோ ஏழாண்டு அல்லது அதற்கு மேல் தண்டனைக்குரிய குற்றமாகவோ இல்லாத வழக்கில் கைதானவரை உயிரியல் மாதிரி கொடுக்கும்படி கட்டாயப்படுத்த முடியாது என்று 2022 சட்டத்தின் 3-ஆவது பிரிவே சொல்கிறது. அந்த வழக்குகளில் மறுக்கச் சொல்லுங்கள். நடுவர் ஆணை இருப்பதாகச் சொன்னால் ஆணையின் நகலைக் கேளுங்கள். கைகலப்பு வேண்டாம், மறுப்பை எழுத்தில் கொடுத்துத் தேதியுடன் ஒப்புகை வாங்குங்கள், அன்றே மாவட்டச் சட்ட உதவிக் குழுவுக்குத் தகவல் சொல்லுங்கள். ஏற்கெனவே மாதிரி எடுக்கப்பட்டு வழக்கிலிருந்து விடுதலையானவர்கள் பதிவை அழிக்கக் கோரும் மனுவை உடனே போடட்டும். மனுவின் மாதிரிப் படிவம் எல்லாக் கிளைகளுக்கும் அனுப்பப்படுகிறது.