இடாப்பைப் பிறகு பார்க்கலாம் என்பவர்களுக்கு

"முதல் குளத்தையும் றோட்டையும் பாருங்கோ. பதிவு, கொம்பியூட்டர் எல்லாம் பிறகு பாக்கலாம்."

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா எங்கும் அபிவிருத்தி பற்றிப் பேசக் கூடும் இடங்களில் இந்தப் பேச்சு வராமல் போவதில்லை. சொல்பவர்கள் நல்லெண்ணத்தோடுதான் சொல்கிறார்கள். வெயிலிலும் சேற்றிலும் நடந்து அலுத்தவர்கள் அவர்கள். ஆனாலும் அவர்கள் சொல்வது பிழை. இலங்கையின் வேறெந்த மூலையில் இதைச் சொன்னாலும் பொறுத்துக்கொள்ளலாம், வன்னியில் முடியாது.

குளத்தையே எடுப்போம். காலபோகத்துக்கு மழை கைகொடுக்கும். சிறுபோகம் வந்தால் இரணைமடுக் குளத்துத் தண்ணீர் எல்லா வயலுக்கும் காணாது. எத்தனை ஏக்கர் விதைப்பது, யாருக்கு எவ்வளவு பங்கு என்று கூட்டம் கூடித்தான் முடிவெடுக்க வேண்டும். யார் எத்தனை ஏக்கர்க்காரர் என்ற இடாப்பு சரியாக இல்லாவிட்டால் அந்தக் கூட்டத்தில் குரல் பெரியவன்தான் வெல்வான். வயற்காணிகளுக்குப் பதிவேடு வேண்டும் என்று 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டமே சொல்கிறது. உர மானியமும் பயிரழிவுக்கான இழப்பீடும் அந்தப் பதிவை வைத்தே வருகின்றன. 2018 டிசெம்பர் வெள்ளத்தில் கிளிநொச்சியும் முல்லைத்தீவும் மூழ்கியபோது, தண்ணீர் வடிந்த மறுநாளே எல்லோரும் தேடியது பெயர்ப்பட்டியலைத்தான். குளம் முதல், இடாப்பு பிறகு என்று பிரிக்கவே முடியாது.

அடுத்த பேச்சு, "எல்லாம் சண்டையோட போச்சு. இனி எந்தப் பதிவைத் தேடுறது?" இதற்கு நான் கொஞ்சம் நின்று பதில் சொல்ல வேண்டும்.

எங்கள் ஒழுங்கையில் ஒரு அம்மா இருக்கிறா. 2009 மே மாதம் வட்டுவாகல் பாலத்தைக் கடந்து வந்தபோது அவவிடம் மிஞ்சியது ஒரு சொப்பிங் பை மட்டும். சட்டி பானை, சைக்கிள், ஆடு என்று ஒவ்வொரு இடத்திலும் ஒவ்வொன்றாக விட்டுவிட்டு வந்தவ, அந்தப் பையை மட்டும் வயிற்றோடு சேர்த்துச் சீலைக்குள் கட்டியிருந்தா. ஒருநாள் அதை என் முன்னால் பாயில் கொட்டினா. பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்கள், உப்புத் தண்ணீர் பட்டு மை பரவிய குடும்ப அட்டை, நாலாக மடித்து மடிப்பெல்லாம் கிழிந்த காணிப் பெர்மிற். மடிப்பு விழுந்த இடத்தில் காணி இலக்கத்தின் ஓர் எண் மட்டும் தேய்ந்திருந்தது. அதை எடுத்துக்கொண்டு அவ ஓர் அலுவலகத்துக்குப் போனா. "உங்கட பெர்மிற் எங்கட இடாப்பில இல்லையே அம்மா" என்று அனுப்பிவிட்டார்கள். ஷெல்லுக்குள்ளால் வந்த ஒரு மனுசி தன்னிடம் இருந்த ஒற்றைப் பிரதியைக் காப்பாற்றியிருக்கிறா. காப்பாற்றவே சம்பளம் வாங்கிய இடத்தில் பிரதி இல்லை. போர் அழித்தது உண்மை. ஆனால் ஒரே இடத்தில் ஒரே பிரதி வைத்திருந்தது போரின் குற்றமா?

போருக்குள்ளேயும் பதிவு செத்துவிடவில்லை என்பதற்கு நாடறிந்த சாட்சி உண்டு. 2011 ஜனவரி 8ஆம் திகதி மன்னார் ஆயர் இராயப்பு யோசேப்பு ஆண்டகை, கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழுவின் முன் சில எண்களை வைத்தார். 2008 ஒக்ரோபர் தொடக்கத்தில் வன்னியில் இருந்தவர்கள், மாவட்டச் செயலகமான கச்சேரியின் கணக்கின்படி, 429,059 பேர். 2009 ஜூலை 10 வரை அரச கட்டுப்பாட்டுப் பகுதிக்கு வந்து சேர்ந்தவர்கள், ஐ.நா.வின் கணக்கின்படி, 282,380 பேர். மிச்சம் 146,679 பேருக்கு என்ன நடந்தது என்று அவர் கேட்டார். கேள்வி இன்றும் அப்படியே நிற்கிறது.

அந்த 429,059 எங்கிருந்து வந்தது? குண்டுகளுக்கு நடுவிலும் கச்சேரி தன் கணக்கை விடவில்லை, அதனால் வந்தது. நிவாரணத்துக்காக ஆட்களைக் கூட்டி எழுதியது என்று அதைத் தள்ளிவிடுபவர்கள் இருக்கிறார்கள். 2009 தொடக்கத்தில் அரசு அறிவித்த பாதுகாப்பு வலயத்துக்குள் இருப்பவர்கள் எழுபதினாயிரம் வரைதான் என்று கொழும்பு சொன்னது. அதன்பின் முகாம்களுக்கு வந்த சனத்தொகையே அந்தக் கணக்கு எவ்வளவு பொய் என்று காட்டிவிட்டது. கச்சேரிக் கணக்கில் கூடக்குறைய இருந்திருக்கலாம் என்றே வைத்துக்கொள்வோம். அதைச் சோதிக்க என்ன வேண்டும்? கிராம அலுவலர் பிரிவு வாரியாக, குடும்பம் குடும்பமாக, பெயர்கள் வேண்டும். அந்தப் பெயர்களின் இன்னொரு பிரதி எரியாத ஓரிடத்தில் இருந்திருக்க வேண்டும். இருந்திருந்தால், இன்று நாங்கள் ஒரு கழித்தல் கணக்கை வைத்து வாதாட வேண்டி வந்திருக்காது. பெயர்களை ஒவ்வொன்றாக வாசித்திருப்போம். தரவுத்தள முகாமைத்துவம் என்ற நீண்ட சொல்லைக் கேட்கும்போதெல்லாம் என் மனதில் எழுவது அந்த வாசிக்கப்படாத பெயர்கள்தான்.

"விதானையாருக்கு எல்லாரையும் தெரியும்தானே" என்பது மூன்றாவது. கிராம அலுவலருக்குத் தெரியும், மறுக்கவில்லை. ஆனால் தெரிவதும் பதிவதும் ஒன்றில்லை. 1958 கலவரத்துக்கும் 1977 கலவரத்துக்கும் பிறகு மலையகத்திலிருந்து வந்து வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் காடு வெட்டிக் குடியேறியவர்களை ஊர் அறியும். காந்தியம் அமைப்பு அவர்களைக் குடியமர்த்தி உழைத்ததையும் ஊர் அறியும். ஆனால் அவர்களில் பலரின் கையில் அந்த மண்ணுக்கு ஒரு துண்டுக் கடதாசியும் இல்லாமல் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் காலம் வந்துவிட்டது. அறிந்த விதானையார் இடமாற்றம் பெற்றுப் போவார், ஓய்வு பெறுவார். அவருடைய ஞாபகத்தைப் புதிதாக வருபவர் பொறுப்பேற்க முடியாது. பதிவேட்டைத்தான் பொறுப்பேற்கலாம்.

நான்காவதைச் சொல்பவர்கள் பயத்தில் சொல்கிறார்கள். "எங்கட விபரத்தைக் குடுத்தா அது ஆமிக்காரன்ர கையிலதான் போய்ச் சேரும்." இந்தப் பயத்தை அலட்சியமாகப் பேச எவருக்கும் உரிமையில்லை. 2011இல் படையினர் வீடு வீடாக வந்து குடும்பங்களைப் பதிந்ததை எதிர்த்து தமிழ்த் தேசியக் கூட்டமைப்பின் நாடாளுமன்ற உறுப்பினர்கள் உயர் நீதிமன்றம் வரை போனார்கள். பயத்துக்குக் காரணம் உண்டு. ஆனால் அந்தப் பயத்திலிருந்து வர வேண்டிய முடிவு வேறு. யார் எழுதலாம், யார் பார்க்கலாம், என் பதிவை நான் பார்த்துப் பிழையைத் திருத்த முடியுமா என்ற மூன்றையும் சட்டத்தால் கட்ட வேண்டும். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் அந்த வழியில் வைத்த முதல் அடி. அதை நடைமுறையில் இறுக்கிப் பிடிக்கச் சொல்லிக் கேட்க வேண்டியவர்கள் நாங்கள்தான். இன்னொன்றும் உண்டு. 2017 பெப்ரவரி 20 முதல் கிளிநொச்சியில் வீதியோரம் குந்தியிருக்கும், காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார் கேட்பது என்ன? போர் முடிவில் படையினரிடம் சரணடைந்தவர்களின் பட்டியலை. பதிவால் மிக அதிகம் பயந்தவர்களே இன்று பதிவைக் காட்டு என்று கேட்கிறார்கள்.

"கணினியில் ஏத்தியாச்சு, இனிப் பிரச்சினை இல்லை" என்பவர்கள் மறுபக்கம். இவர்கள் எனக்கு இன்னும் கவலை தருகிறார்கள், ஏனென்றால் அதிகாரம் இவர்களிடம் இருக்கிறது. 2021 ஜூலையில் தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபையின் தரவுகள் அரச முகிற் சேமிப்பிலிருந்து அழிந்துபோயின. 2023இல் அதே அரச முகிற் சேமிப்பு தாக்கப்பட்டபோது, அரச மின்னஞ்சல்களில் மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையானவை மீளவில்லை. அந்த மாதங்களுக்குப் பின்பிரதி இல்லை. கொழும்பில் நடந்தது இது, ஷெல் விழுந்த இடத்தில் அல்ல. அதே 2023இல் அஸ்வெசும நலன்புரி உதவிக்கான பட்டியல் வெளிவந்ததும் நாடெங்கும் ஒன்பது இலட்சத்துக்கு மேல் மேன்முறையீடுகள் குவிந்தன. பிழையான விபரத்தை வேகமாக எண்ணிக்கொடுக்கும் இயந்திரத்தால் ஏழைக்கு ஒரு நன்மையும் இல்லை.

எங்கள் பெயர்களே அந்த இயந்திரத்துக்குச் சோதனை. தகப்பன் பெயர் முதலெழுத்தாக முன்னே நிற்கும், குடும்பப் பெயர் என்று ஒன்று எங்களுக்குக் கிடையாது. படிவமோ குடும்பப் பெயரைக் கேட்கிறது. பிறப்புச் சான்றிதழில் தமிழில் ஒரு விதம், அடையாள அட்டையில் சிங்களத்தின் வழி வந்த இன்னொரு விதம், கடவுச்சீட்டில் ஆங்கில எழுத்தில் மூன்றாவது விதம். ஒரே ஆள் மூன்று ஆளாகி, மூன்றுக்கும் சமாதான நீதவானிடம் சத்தியக்கடதாசி எடுத்துக்கொண்டு திரிகிறார். தமிழில் பதியவும் தமிழில் தேடவும் தெரிந்த தரவுத்தளம் வேண்டும் என்பது எங்களுக்கு மொழிப்பற்று சார்ந்த விடயம் மட்டுமில்லை, கூலிநாள் இழப்பு சார்ந்த விடயமும்தான்.

இவ்வளவுக்குப் பிறகும் அவசரம் இல்லை என்று நினைப்பவர்கள் 2025 மார்ச் 28ஆம் திகதி வர்த்தமானியை நினைத்துப் பாருங்கள். வடக்கில் ஏறத்தாழ 5,940 ஏக்கருக்கு மூன்று மாதத்துக்குள் உரிமை கோராவிட்டால் அது அரச காணி என்றது அந்த அறிவித்தல். அதில் முல்லைத்தீவுக் காணி 1,703 ஏக்கர், கிளிநொச்சிக் காணி 515 ஏக்கர். எத்தனையோ முறை இடம்பெயர்ந்தவர்களிடம், வெளிநாட்டில் இருப்பவர்களிடம், மூன்று மாதத்தில் உறுதியைக் கொண்டுவா என்றார்கள். ஜூன் 27ஆம் திகதி உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது, அறிவித்தலும் மீளப்பெறப்பட்டது. அந்தமுறை தப்பினோம். வனத்திணைக்களத்தின் எல்லைக்கற்கள் இடம்பெயர்ந்தோரின் பற்றை வளர்ந்த வயல்களுக்குள் நிற்கும் ஊர்களில், காட்டின் எல்லைக்கு 1985ஆம் ஆண்டு வரைபடமா பிந்திய வரைபடமா என்ற வாதம் இன்னும் தீரவில்லை. நல்ல பதிவு யாரிடம் இருக்கிறதோ அவர் பக்கமே மண் சாயும்.

ஆகவே ஒரு வேண்டுகோள். பெர்மிற் வைத்திருக்கும் ஒவ்வொருவரும் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் உங்கள் பிரதேச செயலகத்துக்கு எழுதுங்கள். என் காணி உங்கள் இடாப்பில் எந்தப் பெயரில், எந்த இலக்கத்தில் இருக்கிறது, அதன் பிரதி வேறு எங்கே இருக்கிறது என்று கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்கி அந்தச் சொப்பிங் பைக்குள் வையுங்கள்.